டிராம் வண்டியோட மூக்கும் படியும்: கடையில அடிக்கடி கேட்ட கேள்விங்க

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில நமக்கு ஸ்டிக்கர் கடை. பைக்குக்கு ரேடியம் ஒட்டுததுல இருந்து பஸ்ஸுக்கு முழுசா வினைல் சுத்துத வரைக்கும் எல்லாம் பாக்கோம். மெல்போர்ன்ல இருக்க தங்கச்சி வீட்டுக்குப் போயி ஒன்றரை மாசம் இருந்துட்டு வந்தேன், போன எடத்துல கங்காரு பாத்ததவிட டிராம் பாத்ததுதான் ஜாஸ்தி, போன் நெறைய அந்த போட்டோதான். அதுல இருந்து கடைக்கு வர்ற ஆளுக எல்லாரும் போன வாங்கிப் பாத்துட்டு ஒரே கேள்வியத்தான் கேக்குதாங்க. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதான் இப்பிடி எழுதியே வச்சிட்டேன். நான் இஞ்சினியர் கெடையாது. வண்டியோட தோல பாத்துப் பாத்துப் பழகுன ஆளு, அவ்வளவுதான். ரயிலு கிறுக்கு சின்ன வயசுல இருந்து உண்டு.

அண்ணாச்சி, லைட் ரயில்னா என்ன? டிராம் வேற இது வேறயா?

பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. ரோட்டுலயே தண்டவாளம் போட்டு கார், பைக்கோட சேந்து ஓடுனா டிராம்ங்காங்க, கொஞ்சம் தனி பாதை, கொஞ்சம் வேகம், பெரிய ஸ்டாப்புன்னு இருந்தா லைட் ரயில்ங்காங்க. ஒரே வண்டி டவுனுக்குள்ள டிராமாவும் ஊருக்கு வெளிய லைட் ரயிலாவும் ஓடும். நமக்கு இது புதுசும் இல்ல, மெட்ராஸ்ல 1895லயே கரண்ட்ல ஓடுற டிராம் வந்தாச்சு, இந்தியாவுலயே முதல்ல அங்கதான். 1953ல நிப்பாட்டிட்டாங்க.

வந்தே பாரத் மாதிரி கூரா மூக்கு வச்சா எம்புட்டு ஜோரா இருக்கும், ஏன் தட்டையா வச்சிருக்கான்?

இதுதான் நம்பர் ஒன் கேள்வி. 2023 செப்டம்பர் 24ல நம்ம ஜங்ஷன்ல இருந்து வந்தே பாரத் கெளம்புனதுல இருந்து ரயிலுன்னா அந்த மூக்குதான்னு ஆகிப்போச்சு. அந்த வண்டி 160 கிலோமீட்டர் வேகத்துக்குன்னு செஞ்சது, அதுக்கு காத்த கிழிச்சிட்டுப் போக மூக்கு வேணும். டிராம் பெரும்பாலும் 70, 80க்கு மேல போவாது, டவுனுக்குள்ள நம்ம ஆட்டோ வேகந்தான். அந்த வேகத்துல காத்து ஒண்ணும் பெருசா தடுக்காது, அதனால மூக்கு வெறும் அழகுக்குத்தான்.

அழகுக்கு வச்சா வச்சிட்டுப் போவட்டுமேன்னு கேக்கலாம். வச்சா மூணு தொல்லை. ஒண்ணு, டிரைவரு பின்னால தள்ளிப் போயிருவான், கண்ணாடிக்கு முன்னால ஒரு பிள்ள குனிஞ்சு செருப்ப எடுத்தா அவன் கண்ணுக்கு தெரியாது. ரயிலுக்கு முன்னால யாரும் குனிய மாட்டாங்க, டிராமுக்கு முன்னால தெனமும் குனிவாங்க, ரோடுல்லா. ரெண்டாவது, திருப்பத்துல நீட்டிட்டு இருக்க மூக்கு அடுத்த வரிசையில போற கார உரசும், அதனாலதான் நெறைய டிராமுல கிட்ட நின்னு பாத்தா முனை ரெண்டு பக்கமும் ஒடுங்கி வர்றாப்ல இருக்கும், ஸ்டைலுக்குன்னு நெனைப்போம், திருப்பத்துல இடிக்காம இருக்கத்தான். மூணாவது, ஆளு மேல மோதிட்டா அந்த ஆளு வண்டிக்கு அடியில போகக்கூடாது, அதனால முன்பக்கம் கீழ தரை கிட்ட வரைக்கும் மூடி எறக்கியிருப்பாங்க. ரெண்டு வண்டிய சேக்குற கொக்கியக்கூட வெளிய நீட்டாம மூடிக்குள்ள மடக்கி வச்சிருவாங்க, கார் மேல மோதுனா கொக்கி கதவ குத்திட்டு உள்ள போயிரக்கூடாதுன்னு.

மூக்க நானும் ரெண்டு நாளுதான் பாத்தேன், அப்புறம் கண்ணு தானா கீழ போயிட்டு.

கீழயா? கீழ என்ன இருக்கு?

படி இல்ல. அதான் விசயமே.

எங்க ஆச்சிக்கு 78 வயசு, ரெண்டு முட்டியும் போச்சு. நம்ம டவுன் பஸ்ஸுல முதல் படியே முழங்கால் உசரம், கண்டக்டரு விசில் ஊதிட்டு நிக்கான், ஆச்சி ஒரு கையால கம்பிய புடிச்சு, இன்னொரு கையால சேலைய தூக்கி, "ஏ முருகா"ன்னு ஒரு சத்தம் குடுத்துதான் ஏறும். மெல்போர்ன்ல ஸ்டாப்புல நிக்கேன், 33 மீட்டர் நீளத்துல ஒரு வண்டி வருது, கதவு தொறக்கு, வீல் சேர்ல ஒரு வயசாளி ஸ்டாப்புல இருந்து நேரா உருட்டிட்டு உள்ள போயிட்டாரு. யாரும் தூக்கல, யாரும் பாக்கக்கூட இல்ல. எனக்கு தொண்டைய அடைச்சிட்டு, தங்கச்சிக்கிட்ட சொன்னா சிரிப்பா.

இத தாழ்தள வண்டிங்காங்க, தண்டவாளத்துல இருந்து தரை 300, 350 மில்லிமீட்டர்தான் இருக்கும், ஒரு அடி ஒண்ணேகால் அடி. பிரான்ஸ்ல கிரெனோபிள்னு ஒரு ஊரு, 1987ல அங்க புதுசா டிராம் விட்டாங்க, மாற்றுத்திறனாளிங்க சங்கம் கட்டி எங்களுக்கும் ஏற முடியணும்னு நின்னாங்க, அதனால வண்டிய தாழ்வா செஞ்சாங்க. அதுக்கப்புறம் ஊரு ஊரா பரவிட்டு.

இப்ப ஸ்டிக்கர்காரன் கண்ணால சொல்லுதேன், தரைய எறக்குனதும் மொத்த வண்டியோட உருவமே மாறிப்போவுது. பழைய வண்டியில கரண்ட் பெட்டி எல்லாம் அடியில தொங்கும். தரை கீழ வந்துட்டா அதுக்கெல்லாம் எடம் ஏது, மேல ஏத்திட்டான். ஏசி, கரண்ட மாத்துற பெட்டி, சிலதுல பேட்டரி எல்லாம் கூரை மேல. வெறுமன விட்டா குப்பை மேடு மாதிரி இருக்கும்னு ரெண்டு பக்கமும் தகடு வச்சு மறைக்கான், அதனாலதான் புது டிராம் எல்லாம் தலைப்பா கட்டுன மாதிரி உசரமா தெரியுது. சக்கரத்துக்கு நடுவுல அச்சு போனா நடைபாதையில மேடு வருமே, அதனால ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியா வச்சு ரெண்டு பக்கமும் பெட்டி மாதிரி மூடி அந்த பெட்டி மேல சீட்ட போட்டுருவான், அந்த சீட்டு மட்டும் ஒரு படி உசரமா இருக்கும், பயலுவ எல்லாம் ஓடிப்போயி அதுலதான் உக்காருவாங்க. கீழ ஒண்ணும் இல்லாததால ஜன்னல முழங்கால் வரைக்கும் எறக்கலாம். ஸ்ட்ராஸ்பர்க்ல 1994ல வந்த வண்டிய படத்துல பாருங்க, கண்ணாடி கடைக்கு சக்கரம் வச்ச மாதிரி இருக்கும்.

கூரை விசயத்துல நம்ம ஊருக்கு ஒரு தனி கஷ்டம் உண்டு. ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்துல கீழ்தட்டுல சைக்கிள நிப்பாட்டிட்டு ரயிலோட மண்டைய பாத்து வளர்ந்த ஆளுக நம்ம. இங்கன டிராம் வந்தா கூரையவும் அழகா செஞ்சாத்தான் மரியாதை.

ஏன் மண்புழு மாதிரி துண்டு துண்டா இருக்கு?

ஆனித் தேரோட்டத்துல நெல்லையப்பர் தேரு ரத வீதி முக்குல திரும்புதத பாத்திருக்கியளா? அம்மாம்பெரிய தேரு, நேரா வரும்போது சும்மா வரும், முக்குல வந்ததும் சறுக்குக்கட்டை போட்டு, பின்னால தடி போட்டு நெம்பி, கொஞ்சம் கொஞ்சமா ஒடிப்பாங்க, அந்த ஒரு முக்குக்கே எம்புட்டு நேரம் ஆவும். நீளமா, மடங்காம ஒரு பொருள் இருந்தா திருப்பம்னா பாடுதான். தேருக்கு வருசத்துல ஒரு நாளு, டிராமுக்கு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா. அதனால வண்டிய சின்னச் சின்ன துண்டா செஞ்சு நடுவுல துருத்தி மாதிரி ரப்பர் மடிப்பு வச்சிட்டான். எடின்பரோல ஓடுறது 43 மீட்டர் கிட்ட, ஏழு துண்டு. டொராண்டோல பழைய தண்டவாளம் 11 மீட்டர் ஆரத்துல எல்லாம் திரும்புது, அதுக்குன்னே அஞ்சு துண்டா 30 மீட்டர் வண்டி செஞ்சு 2014 ஆகஸ்ட் 31ல விட்டாங்க.

ஸ்டிக்கர் ஒட்டுதவனுக்கு இந்த மடிப்பு எமன். ஒரு படத்த நீளமா ஒட்ட முடியாது, மடிப்புல வெட்டி வெட்டி ஒட்டணும், வண்டி திரும்பும்போது படத்துல இருக்க ஆளுக்கு கழுத்து தனியா போயிரும்.

போட்டோவுல ஒரு வண்டிக்கு மேல வயரே இல்லயே, கரண்ட் எங்கிட்டு இருந்து வருது?

அது பிரான்ஸ்ல போர்தோ ஊரு, நெட்டுல எடுத்த படம். பழைய கட்டடம் நெறஞ்ச ஊரு, வயரு குறுக்க தொங்குனா அசிங்கம்னு 2003ல தரையிலயே ஒரு கம்பிய பதிச்சாங்க. பயப்படாதீங்க, கம்பி மொத்தமும் கரண்ட் இருக்காது. எட்டு எட்டு மீட்டர் துண்டா இருக்கும், வண்டி மேல நிக்கும்போதுதான் அந்தத் துண்டுக்கு கரண்ட் வரும், வண்டி நகந்ததும் செத்துரும். துபாய்ல 2014 நவம்பர்ல விட்ட டிராமும் இதே முறைதான், மேலப்பாளையத்துல இருந்து அங்க போன நம்ம பயலுவ தெனம் அதுலதான் போறாங்க, ஆனா கீழ பாத்திருப்பாங்களான்னு தெரியல.

இதுல ஒரு தமாசு, மெட்ராஸ் டிராமும் ஆரம்பத்துல தரைக்கடியில கரண்ட் விட்டுத்தான் ஓடுச்சு. மழை வந்து தண்ணி தேங்குனா என்ன ஆவும், அப்புறம் மேல வயர் போட்டுட்டாங்க. நூறு வருசம் முன்னால நம்ம விட்டத அவன் சரி பண்ணி எடுத்துட்டு வந்திருக்கான். வயர் இல்லன்னா வண்டியோட தோற்றமும் மாறும், கூரையில கொம்பு மாதிரி நிக்கிற அந்த கம்பிக்கூடு மடங்கி உள்ள போயிரும், மொட்டையா நறுவிசா இருக்கும்.

வெளிநாட்டுல ஊருக்கு ஊரு வேற வேற மூஞ்சியாமே?

ஆமா, பிரான்ஸ்ல இது ஒரு கிறுக்கு. மார்செய்ல் துறைமுகம், அதனால முன்பக்கம் படகு மாதிரி. லியோன் பட்டு நெய்த ஊரு, பட்டுப்புழு தலை மாதிரி. ரான்ஸ்ல ஷாம்பெயின் செய்யுதாங்க, 2011ல விட்ட வண்டிக்கு அந்த மது குடிக்கிற கிளாஸ் வடிவத்துல மூஞ்சி. மோன்பெல்லியேல ஒரு லைன் நீல வண்டியில வெள்ளை குருவி பறக்குத மாதிரி, அடுத்த லைன்ல பூவு.

உள்ள எலும்பு எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். மூஞ்சிய மட்டும் ஃபைபர்ல தனியா வார்த்து மாட்டுதான். நம்ம ஊர்ல லாரி சேசிஸ் ஒண்ணா வந்தாலும் பாடி கட்டுற பட்டறைக்காரன் முகப்ப வேற வேறயா செய்யுத மாதிரிதான். இடிச்சா அந்த துண்ட மட்டும் கழட்டி மாத்திக்கிடலாம், அதுவும் ஒரு லாபம்.

இத டீக்கடையில சொன்னதும் ஒரு பய "நம்ம ஊரு டிராமுக்கு அல்வா துண்டு மூஞ்சியா அண்ணே"ன்னான். அல்வாவுக்கு ஏதுடா துண்டு, எலையில வழியும்லா.

கலர யாரு முடிவு பண்ணுவா? ஸ்டிக்கரா பெயிண்டா?

ரெண்டும் உண்டு. அடிக்கலர் பெயிண்டு, விளம்பரம் வினைல். கலர்ல சட்டமும் இருக்கு, இங்கிலாந்துல 1998லயே ரயில் டிராமுக்கு ஒரு விதி போட்டாங்க, கதவோட நெறம் பக்கத்து பாடியோட ஒட்டாம தனியா தெரியணும், பார்வை கம்மியா இருக்கவங்க கதவ கண்டுபிடிக்கணும்ல. உள்ள கம்பியும் அப்பிடித்தான், மஞ்சக் கம்பிய ஏன் நெறைய வண்டியில வைக்கான்னா அழகுக்கு இல்ல. மான்செஸ்டர்ல வண்டியே மஞ்சதான், மழை மப்புல தூரத்துல இருந்தே தெரியும்.

மெல்போர்ன்ல 2008ல வண்டி பத்தலன்னு பிரான்ஸ்ல மூலூஸ்ங்கிற ஊர்ல இருந்து அஞ்சு டிராம வாடகைக்கு எடுத்துட்டு வந்தாங்க, அந்த ஊரு மஞ்ச கலர்லயே. ஜனங்க அதுக்கு வண்டுன்னு பேரு வச்சிட்டாங்க. கலரு ஒரு வண்டிக்கு எம்புட்டு உசிர் குடுக்கும் பாருங்க.

வினைல்ல ஒரு விசயத்துல நமக்கே சூடு பட்டிருக்கு. ஒரு தனியார் டவுன் பஸ்ஸுக்கு ஜன்னலையும் சேத்து சுத்தச் சொன்னாங்க, ஒன் வே விஷன் போட்டேன், வெளிய இருந்து படம் தெரியும், உள்ள இருந்து ஓட்டை ஓட்டையா ரோடு தெரியும். பகல்ல சரி. ஐப்பசி மழை அடிச்சு ஓட்டையில எல்லாம் தண்ணி நின்னு ராத்திரி ஆனதும் உள்ள இருக்கவனுக்கு முருகன்குறிச்சி எது சமாதானபுரம் எதுன்னு தெரியல. எங்க ஆச்சியே ரெண்டு ஸ்டாப் தள்ளிப்போயி எறங்கி நடந்து வந்துச்சு, வந்து ஒரு வாரம் என்கூட பேசல. மெல்போர்ன்லயும் முழு விளம்பரம் ஒட்டுன டிராம் உண்டு, அத பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மழைதான் ஞாபகம். கூலி குறைஞ்சாலும் ஜன்னல விட்டுட்டுத்தான் இப்ப ஒட்டுதேன்.

உள்ள சீட்டு எப்பிடி? ஏன் நெறைய பேரு நிக்காங்க?

நிக்க வைக்கத்தான் செஞ்சிருக்கு. சீட்ட கொறைச்சா ஆளு ஜாஸ்தி ஏத்தலாம், ஏறி எறங்கவும் சுளுவு. ஆனா அளவு தெரியணும். சான் பிரான்சிஸ்கோல 2017 நவம்பர்ல புது வண்டி விட்டாங்க, சுவத்த ஒட்டி நீள பெஞ்சு மட்டும், வழுவழுன்னு, நடுவுல பிரிவும் இல்ல. அந்த ஊரு பூரா மேடு பள்ளம், பிரேக் போட்டா பெஞ்சுல இருக்கவன் அடுத்தவன் மடியில. ஜனங்க புகார் மேல புகார் குடுத்து, பெறகு கொஞ்சம் சீட்ட முன்னபின்ன பாத்து திருப்பி வச்சாங்க, உசரத்தையும் கொறைச்சாங்க. வந்தே பாரத்துல நடந்ததும் இதே கதைதான், சீட்டு இன்னும் சாயணும், கைகழுவுத தொட்டி ஆழம் பத்தல தண்ணி மேல தெறிக்குன்னு சொன்ன பெறகு அடுத்து வந்த வண்டியில மாத்துனாங்க.

இத மொதல்லயே ஜனங்ககிட்ட காட்டி கேட்டா என்ன?

கேக்காங்க. மரம், ஃபைபர் வச்சு நெசம் அளவுலயே ஒரு மாதிரி வண்டி செஞ்சு ஊருக்கு நடுவுல வச்சிருவாங்க. எடின்பரோல 2009ல கடைத்தெருவுலயே வச்சாங்க, டொராண்டோல 2011ல ஜனங்களுக்கு காட்டுனாங்க. ஜனம் ஏறிப்பாத்து கம்பி எட்டல, பட்டன் உசரம், தள்ளுவண்டி திரும்பலன்னு சொல்லும், டிரைவருங்க உக்காந்து பாத்து தூணு மறைக்குன்னு சொல்லுவாங்க. அந்த நேரத்துல மாத்துனா செலவு கம்மி. நூறு வண்டி செஞ்சு முடிச்ச பெறகு கம்பிய ஒரு சாண் எறக்கச் சொன்னா யாரு எறக்குவா.

புதுசா இருக்க வண்டிக்கு ரிப்பேரே வராதோ?

நல்லா வரும். சிட்னியில ஒரு லைன்ல 2021 நவம்பர்ல 12 வண்டிலயும் கீழ சக்கரம் வர்ற எடத்துல விரிசல் பாத்து மொத்தமா நிப்பாட்டிட்டாங்க, ஒரு வருசத்துக்கு மேல பஸ்ஸுதான் ஓடுச்சு. தாழ்தள வண்டியில திருப்பத்துல வர்ற முறுக்கு எல்லாம் பாடியிலதான் எறங்கும், அந்தக் கணக்குல கொஞ்சம் பிசகுனாலும் விட்டுரும். மேல பெயிண்டு பளபளன்னு இருக்கும், பட்டி பூசி டச்சப் பண்ணி சரி பண்ணுத வேலை இல்ல இது.

நம்ம ஊருக்கு வருமா அண்ணாச்சி?

திருச்சி, சேலம், திருநெல்வேலி மூணுக்கும் சாத்தியமான்னு ஒரு ஆய்வு பண்ணுனாங்க, அவ்வளவுதான், பள்ளம் ஒண்ணும் தோண்டல. மத்திய அரசு 2019ல மெட்ரோலைட்னு ஒரு அளவுகோல் போட்டிருக்கு, மெட்ரோ அளவுக்கு கூட்டம் இல்லாத ஊருக்கு, மூணு பெட்டி, 300 பேரு. ஆனா அதுல பாதைக்கு ரெண்டு பக்கமும் வேலி போடணும்ங்காங்க. வேலி போட்டா நான் மேல சொன்ன பாதி விசயம் அடிபட்டுப் போவும், சுளுவா ரோட்டுல இருந்து ஏறத்தான தாழ்தளம். தெற்கு பஜார்ல வேலி போட்டா தாண்டிக் குதிக்காத ஆளு யாரு இருக்கா சொல்லுங்க. கொக்கிரகுளத்துல சுலோச்சன முதலியார் பாலம் 1843ல கட்டுனது, அங்கன எடமும் கம்மி.

சரி, வந்தா என்ன கலர் அடிக்கலாம்?

இதுக்கு நானே ஒரு மாதிரி செஞ்சேன். கடையில மிச்சம் கெடந்த ஃபோம் ஷீட்டுல மூணு அடி நீளத்துல வெட்டி, அஞ்சு துண்டா மடங்குத மாதிரி. நம்ம வெயிலுக்கு கூரை வெள்ளைதான், அதுல ரெண்டாவது பேச்சு இல்ல. பாடிக்கு வெளிர் பச்சை, தாமிரபரணிக் கரையில நாத்து நட்டு இருபது நாளுல இருக்குமே அந்தப் பச்சை. ஓரத்துல செம்புக் கலர்ல ஒரு கோடு. அடிப்பக்கம் மட்டும் சாம்பல், புழுதி படிஞ்சா தெரியாது. கதவு கருஞ்செவப்பு. மூக்கு ரெண்டு தடவ வெட்டி மூணாவது தடவதான் சரியா வந்துச்சு, ஹீட் கன் வச்சு வினைல இழுத்து ஒரு சுருக்கம் இல்லாம ஒட்டுனேன், எனக்கே பெருமைதான்.

ஆச்சி கண்ணாடிய போட்டுட்டு திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. கதவு ஓட்டைக்குள்ள வெரல விட்டு தடவிப் பாத்துச்சு.

"ஏல, புடிக்க கம்பி எங்கல?"

வைக்கல. மறந்துட்டேன். இப்ப மஞ்ச ஒயர்ல சின்னதா வெட்டி ஒட்டிட்டு இருக்கேன், கதவு ஒண்ணுக்கு ரெண்டு.